பெரம்பூர்ல வீட்டுக்கு நர்ஸ் வெச்சு அப்பாவை பார்த்துக்கிட்ட அஞ்சு மாசம்

ரேட்டிங் 5க்கு 4. ஏன் ஒண்ணு கொறைச்சேன்னு கடைசியில சொல்றேன், முதல்ல நடந்ததை சொல்லிடுறேன், ஏன்னா இதே நிலைமையில மெட்ராஸ்ல எத்தனையோ வீடு இருக்கு, எங்களுக்கு இதெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா முதல் பதினோரு நாள் அப்பா அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.

அப்பாவுக்கு 71 வயசு, 15 வருஷமா சுகர். பொங்கல் முடிஞ்சு நாலாவது நாள் காலைல மூஞ்சி கழுவிட்டு துண்டு எடுக்க போன இடது கை எழும்பவே இல்ல. அம்மா போய் பார்த்தா வாய் ஒரு பக்கமா கோணி இருக்கு, பேச்சு குழறுது. பக்கவாதம் (ஸ்ட்ரோக்) அதுன்னு எங்களுக்கு அப்ப தெரியல. அம்மா பதறிப்போய் வெறும் வயித்துல மயக்கம் போலன்னு நெனச்சு காபி குடுத்து படுக்க வெச்சுட்டாங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு பார்த்து பார்த்து எனக்கு போன் பண்ணி நான் கிண்டியில இருந்து வந்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போறதுக்குள்ள அஞ்சு மணி நேரம் தாண்டிடுச்சு. ரத்தக்கட்டை கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா தான் உண்டு, அதுவும் ஸ்கேன் எடுத்து மூளையில ரத்தக்கசிவு இல்லன்னு பார்த்துட்டு தான் போடுவாங்கன்னு அன்னைக்கு தான் எங்களுக்கு தெரியும். அந்த காபிய நெனச்சு அம்மா இன்னும் அழுறாங்க.

12 நாள் கழிச்சு டிஸ்சார்ஜ். மூக்கு வழியா சாப்பாட்டுக்கு ரைல்ஸ் ட்யூப், யூரினுக்கு கேத்தீட்டர்னு தனி ட்யூப், ரெண்டு வேளை இன்சுலின், இடது பக்கம் கை கால் சுத்தமா விழுந்துடுச்சு. கையில ஆறு பக்கத்துக்கு இங்கிலீஷ்ல டிஸ்சார்ஜ் சம்மரி குடுத்தாங்க. வார்டு சிஸ்டர் பத்து நிமிஷத்துல எல்லாத்தையும் சொன்னாங்க, பாவம் அவங்களுக்கு அந்த பக்கம் பெல் அடிச்சுக்கிட்டே இருக்கு. அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க, ஆம்புலன்ஸ்ல ஏறினதும் என்னைய பார்த்து "அவங்க சொன்னதுல உனக்கு ஏதாவது புரிஞ்சுதா கண்ணு"ன்னு கேட்டாங்க. எனக்கும் பாதி தான் புரிஞ்சுது.

முதல்ல வேற ஒரு ஏஜென்சில ஆள் எடுத்தோம், பேர் வேண்டாம். ஒரு நாளைக்கு 900 ரூபாய், "சிஸ்டர் அனுப்புறோம்"னு தான் சொன்னாங்க. வந்த பொண்ணுக்கு இருபது வயசு கூட இருக்காது, நல்ல பொண்ணு, வேலைக்கு சுணங்காது, ஆனா அதுக்கு யாரும் எதையும் சொல்லித்தரல. அப்பாவை மல்லாக்க படுக்க வெச்சே ட்யூப்ல கஞ்சி ஊத்தும், ஊத்தினதும் அப்பா இருமுவார். ஒரு வாரத்துல முதுகு கீழ, உக்கார்ற எலும்பு மேல ஒரு ரூபா காசு அளவுக்கு தோல் கறுத்து கெட்டியாச்சு, அந்த பொண்ணு அதுல பவுடர் போட்டு நல்லா அழுத்தி தேச்சு விட்டுச்சு, நாங்களும் நல்லதுன்னு தான் நெனச்சோம். பதினோராவது நாள் அங்க தோல் உரிஞ்சுடுச்சு. அந்த பொண்ணு மேல எனக்கு கோவம் இல்ல. நர்ஸ்னு சொல்லி காசு வாங்கிட்டு பயிற்சி இல்லாத பிள்ளைய அனுப்பினவங்க மேல தான் கோவம்.

அப்புறம் தான் ஆபீஸ் நண்பர் சொல்லி இந்த சர்வீஸுக்கு போன் பண்ணேன். இந்த தடவை ஜாக்கிரதையா கேட்டேன், வர்றவங்க என்ன படிச்சிருக்காங்க, பதிவு நம்பர் இருக்கான்னு. அவங்களே தெளிவா சொன்னாங்க: அட்டெண்டர்னா குளிப்பாட்டுறது, துணி மாத்துறது, கூட இருக்குறது, அதுக்கு ஒரு ரேட்டு, ட்யூப் கேத்தீட்டர் புண்ணு எல்லாம் இருந்தா நர்ஸ் தான் வேணும், அதுக்கு ஒரு ரேட்டு. ஜி.என்.எம்.னு சொல்ற நர்சிங் டிப்ளமா மூணு வருஷ படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், ரெண்டுல எதை முடிச்சாலும் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணணும், 1926லயே வந்த சட்டம் அது. இது தெரியாம நாங்க வெள்ளை கோட்டு போட்டவங்க எல்லாரையும் சிஸ்டர்னு நெனச்சுட்டோம். பகல் 12 மணி நேரத்துக்கு 1,700 ரூபாய் சொன்னாங்க. எங்களுக்கு பெரிய காசு தான், அம்மாவோட வளையல் ரெண்டு பேங்க்ல இருக்கு. இருந்தாலும் சொல்றேன், அந்த காசுல பாதி அப்பாவை பார்த்துக்கிட்டதுக்குன்னா பாதி எங்களுக்கு கத்துக்குடுத்ததுக்கு.

சிஸ்டர் ஆவடியில இருந்து எலக்ட்ரிக் ட்ரெயின்ல வருவாங்க, பெரம்பூர் ஸ்டேஷன்ல இறங்கி நடந்து ஏழரைக்கு வாசல்ல நிப்பாங்க, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி எங்க வீடு. முதல் நாள் வந்ததும் கை கழுவுனாங்க, முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு நிதானமா. அப்புறம் அப்பா கிட்ட போய் "ஐயா, நான் உங்களை பார்த்துக்க வந்திருக்கேன், இப்ப உங்களை ஒரு பக்கமா திருப்ப போறேன்"னு சொல்லிட்டு தான் தொட்டாங்க. அப்பாவுக்கு பேச்சு தான் வராது, காது கேக்கும், புரியும், ஆனா அதுவரைக்கும் அந்த வீட்டுல நாங்க கூட அவர்கிட்ட சொல்லிட்டு திருப்பினது இல்ல. அவர் கண்ணுல தண்ணி வந்துச்சு.

தலையில இருந்து பாதம் வரைக்கும் பார்த்தாங்க. பின்மண்டை, காது மடல், தோள்பட்டை, இடுப்பு, முட்டி, குதிகால், எங்கெங்க எலும்பு தோலை முட்டிக்கிட்டு இருக்கோ அங்கெல்லாம் விரலால அமுக்கி பார்த்தாங்க. அமுக்கி எடுத்ததும் நிறம் மங்கி திரும்ப வந்தா ரத்த ஓட்டம் இருக்கு, அப்படியே இருந்தா புண்ணு ஆரம்பம்னு அம்மாவோட விரலை புடிச்சு வெச்சு காட்டினாங்க. புத்தகத்துல எல்லாம் செவப்பா இருக்கும்னு போட்டிருக்கும், நம்ம மாதிரி மாநிறம் கறுப்பு தோல்ல செவப்பு தெரியவே தெரியாது, அதனால கண்ணை நம்பாதீங்க, தொட்டுப்பாருங்க, சுத்தி இருக்குற இடத்தை விட சூடா இருக்கா, கெட்டியா இருக்கா, கொழகொழன்னு இருக்கான்னு பாருங்கன்னு சொன்னாங்க. அந்த இடத்தை தேய்க்கவே கூடாதாம், ஏற்கெனவே நசுங்கி கெடக்குற சதை தேய்க்க தேய்க்க உள்ளயே கிழியுமாம். நடுவுல ஓட்டை வெச்ச ரிங் தலகாணி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தோம், அதையும் எடுக்க சொல்லிட்டாங்க, சுத்தி அமுக்கி நடுவுல ரத்தம் போகாம பண்ணிடுமாம்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்னு ஆஸ்பத்திரிலயும் சொன்னாங்க தான், எப்படி திருப்புறதுன்னு இவங்க தான் சொன்னாங்க. முழுசா பக்கவாட்டுல சாய்க்காம முதுகுக்கு பின்னாடி தலகாணி குடுத்து லேசா சாய்ச்ச மாதிரி, முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி, கெண்டைக்கால் கீழ ஒண்ணு வெச்சு குதிகால் மெத்தையில படாம தொங்குற மாதிரி. மேல இழுக்கும்போது அக்குள்ல கை குடுத்து இழுக்கவே கூடாது, இடுப்புக்கு கீழ ஒரு பழைய பெட்ஷீட்டை நாலா மடிச்சு போட்டு ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சு தூக்கி நகர்த்தணும், இழுத்தா தோல் உரசி போயிடும். முக்கியமா விழுந்த கைய புடிச்சு இழுக்காதீங்க, அந்த தோள்ல சதை புடிப்பே இல்ல, மூட்டு நழுவிடும்னு எனக்கு மட்டும் தனியா கூப்பிட்டு சொன்னாங்க, ஏன்னா நான் தான் அப்படி இழுத்துக்கிட்டு இருந்தேன். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவுல போய் காத்து மெத்தை வாங்கிட்டு வந்தேன். அது வந்ததும் நைட்டு கொஞ்சம் தூங்கலாம்னு நெனச்சேன், சிஸ்டர் விடல, மெத்தை வாங்கியாச்சுன்னு திருப்பாம விட்டுடாதீங்க, அது ஒத்தாசை தான்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. நைட்டுக்கு ஆள் வெக்க வசதி இல்ல, நானும் அம்மாவும் அலாரம் வெச்சு மாத்தி மாத்தி எழுந்தோம். டாக்டர் எழுதிக்குடுத்தபடி சலைன்ல கழுவி ட்ரெஸ்ஸிங் பண்ணி பண்ணி ஆறாவது வாரம் புண்ணு மூடிடுச்சு, சுகர் இருக்குற உடம்புல அவ்வளவு சீக்கிரம் மூடினதே பெரிய விஷயம்னு டாக்டர் சொன்னாங்க.

இவங்க கிட்ட எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு பழக்கம் இருக்கு. "புரிஞ்சுதாம்மா"ன்னு கேக்கவே மாட்டாங்க. "இப்ப நீங்க செஞ்சு காட்டுங்கம்மா, நான் நோயாளி மாதிரி பக்கத்துல உக்கார்றேன்"னு சொல்லுவாங்க. தப்பு பண்ணா திட்ட மாட்டாங்க, திரும்ப ஒருக்கா செய்ய சொல்லுவாங்க. அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, டாக்டர் முன்னாடி வாயே தொறக்க மாட்டாங்க, புரியலன்னு சொல்ல வெக்கம். சிஸ்டர் கிட்ட நாலாவது நாளே "இதை ஏன் இப்படி பண்ணணும்"னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ட்யூப் ஃபீடிங் அப்படி தான் கத்துக்கிட்டாங்க. ட்யூப் மூக்கு கிட்ட வர்ற இடத்துல பேனாவால ஒரு கோடு போட்டு வெச்சிருப்பாங்க, ஒவ்வொரு வேளையும் முதல்ல அந்த கோடு அங்கயே இருக்கான்னு பாக்கணும், வெளிய வந்திருந்தா ஒரு சொட்டு கூட குடுக்காம போன் பண்ணணும், பிடுங்கிக்கிட்டா நாமளா திரும்ப உள்ள விடவே கூடாது, நுரையீரல் பக்கம் போயிடும். தலைப்பக்கம் நல்லா உயர்த்தி பாதி உக்கார்ந்த மாதிரி வெச்சு தான் குடுக்கணும், முடிஞ்சும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கணும். சிரிஞ்ச்ல வெச்சு அழுத்தி தள்ளாம தூக்கி புடிச்சு தானா இறங்க விடணும். முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி விடணும், இல்லன்னா கஞ்சி உள்ளயே காஞ்சு அடைச்சுக்கும். நாங்க கேழ்வரகு கஞ்சிய வடிகட்டாம குடுத்து முன்னாடி ஒரு தடவை அடைச்சே போச்சு. மாத்திரை எல்லாத்தையும் ஒண்ணா இடிச்சு கரைச்சு விட்டுக்கிட்டு இருந்தோம், அதுல ஒண்ணு மெதுவா கரையுற மாதிரி செஞ்ச மாத்திரை, பொடி பண்ணா ஒரு நாள் மருந்து மொத்தமா ஒரே நேரத்துல ஏறிடும்னு சொல்லி டாக்டர் கிட்ட பேசி வேறயா மாத்தி வாங்கினாங்க.

வாயில சாப்பிடலையே, எதுக்கு பல்லு தேய்க்கணும்னு நாங்க விட்டுட்டோம். அது தான் பெரிய தப்பாம். வாயில சேர்ற அழுக்கு எச்சிலோட நெஞ்சுக்குள்ள இறங்கி நிறைய பேரை நிமோனியாவுல கொண்டு போய் விடுதுன்னு சொல்லி தினமும் ரெண்டு வேளை மெதுவான பிரஷ்ல துடைச்சு விட சொன்னாங்க. முதல் நாள் அப்பா வாயில இருந்து வந்ததை பார்த்து எனக்கு மனசு தாங்கல.

யூரின் பைக்கு பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, எப்பவும் இடுப்புக்கு கீழயே இருக்கணும், தரையில படக்கூடாது, திருப்பும்போது பைய தூக்கி மடி மேல வெக்காதீங்க, உள்ள இருக்குறது திரும்பி ஏறிடும், யூரின் வரலன்னா பதறாம முதல்ல குழாய் மடங்கி இருக்கான்னு பாருங்க. அவ்வளவு தான். மார்ச்ல எடுத்தே விட்டாங்க.

இன்சுலின் தான் பெரிய கதை. எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஃப்ரீஸர் பக்கத்துல வெச்சிருந்தோம், இன்சுலின் நிரப்பின ஊசி பேனா ஒண்ணு உறைஞ்சே போயிடுச்சு, உறைஞ்சதை இளக வெச்சு போடக்கூடாது, தூக்கி போட்டுடுங்கன்னு சொன்னாங்க. பிரிக்காதது ஃபிரிட்ஜ் நடு தட்டுல, பிரிச்சது வெளிய வெச்சுக்கலாம், ஆனா கத்திரி வெயில்ல நம்ம ஊர் ரூமே அடுப்பு மாதிரி இருக்கும், அதுவும் மொட்டை மாடிக்கு கீழ இருக்குற வீடு. அதுக்கு ஒரு சின்ன மண்பானையில ஈர மணல் போட்டு அதுக்குள்ள ஒரு டப்பாவுல பேனாவை வெக்க சொன்னாங்க, கரண்ட் போனாலும் கவலை இல்ல. ஒவ்வொரு தடவையும் ரெண்டு யூனிட் காத்துல விட்டு பார்த்துட்டு தான் குத்தணும், குத்திட்டு பத்து எண்ணிட்டு எடுக்கணும், நேத்து குத்தின இடத்துல இன்னைக்கு குத்தக்கூடாது. நாங்க தொப்புள் பக்கத்துல ஒரே இடத்துல குத்தி குத்தி அங்க கட்டி மாதிரி ஆகி மருந்து சரியாவே ஏறல, அதனால தான் சுகர் ஒரு நாள் 300, ஒரு நாள் 90ன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை, சிஸ்டர் லீவு, நான் தண்ணி லாரி வந்துச்சுன்னு குடத்தோட கீழ போயிட்டேன். காலைல ஊசி போட்டாச்சு, கரண்ட் இல்லாததால மிக்ஸி ஓடல, ஃபீடு தள்ளிப்போச்சு. அம்மா தனியா இருக்கும்போது அப்பாவுக்கு கொட்டுற மாதிரி வேர்வை, உடம்பு சில்லுன்னு, கூப்பிட்டா கண்ணு சொருகுது. அம்மா கத்தல. விரல்ல குத்தி பார்த்திருக்காங்க, 58. எழுபதுக்கு கீழ போனா உடனே சக்கரை குடுக்கணும்னு சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து, அதே நேரம் இவருக்கு வாயில போடக்கூடாது, முழுங்க முடியாம நெஞ்சுக்குள்ள போயிடும்னு சொன்னதும் ஞாபகம் வந்து, மூணு ஸ்பூன் சக்கரைய அரை டம்ளர் தண்ணில கரைச்சு தலைய உயர்த்தி ட்யூப்ல விட்டிருக்காங்க. 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பார்த்தா 84. அப்புறம் ஃபீடு குடுத்திருக்காங்க. நான் மேல வந்தப்ப எல்லாம் முடிஞ்சு, அப்பாவை பத்தி தினமும் குறிச்சு வெக்கிற நோட்டுல மணியோட எழுதியும் வெச்சுட்டாங்க. ஜனவரியில காபி குடுத்த அதே அம்மா. சாயங்காலம் சிஸ்டருக்கு போன் பண்ணி சொன்னோம், அவங்க "சாப்பாடு கையில ரெடியா இருந்தா தான்மா ஊசிய எடுக்கணும்"னு மட்டும் சொல்லிட்டு "நல்லா பண்ணீங்கம்மா"ன்னாங்க, அம்மா போனை வெச்சுட்டு ரொம்ப நேரம் பால்கனியில நின்னாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். பிளாட்டுல அக்கம்பக்கத்து அக்கா எல்லாம் அப்பாவை பார்க்க வருவாங்க, சும்மா அய்யோ பாவம்னு சொல்லிட்டு போவாங்க. சிஸ்டர் அவங்களை வாசல்லயே உக்கார வெச்சு, சிரிக்க சொன்னா வாய் கோணுதா, ரெண்டு கையையும் தூக்க சொன்னா ஒண்ணு இறங்குதா, ஒரு வாக்கியம் சொல்ல சொன்னா குழறுதா, இதுல ஒண்ணு இருந்தாலும் கடிகாரத்தை பார்த்து மணிய குறிச்சுக்கிட்டு 108க்கு போடுங்க, தண்ணி காபி மாத்திரை எதுவும் வாயில குடுக்காதீங்கன்னு சொல்லிக்குடுத்தாங்க. ரெண்டாவது மாடி அக்கா அதை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்காங்க. அம்மாவுக்கே பிரஷர் இருக்கு, இந்த அலைச்சல்ல மாத்திரைய நிறுத்திட்டாங்கன்னு கண்டுபுடிச்சதும் சிஸ்டர் தான். 2021ல அரசாங்கம் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே, ஏன் பதியல நீங்கன்னு கேட்டு பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்னைய அனுப்பினாங்க, இப்ப அம்மாவோட மாத்திரை வீட்டுக்கே வருது.

இப்ப குறை. சிஸ்டர் லீவு போட்டா மாத்து ஆள் அனுப்புறதுல இந்த சர்வீஸ் சரியில்ல. அஞ்சு மாசத்துல நாலு தடவை வேற வேற ஆள் வந்தாங்க, ஒருத்தங்க ரொம்ப நல்லா பண்ணாங்க, ஒருத்தங்க நோட்டை பொறட்டி கூட பார்க்கல, அப்பாவுக்கு விழாத கையில தான் பிரஷர் பார்க்கணும்னு முதல் பக்கத்துலயே எழுதியிருந்தும் விழுந்த கையில பார்த்தாங்க. அட்வான்ஸ் ஒரு மாசத்துக்கு மொத்தமா கேக்குறாங்க, நடுத்தர குடும்பத்துக்கு அது கஷ்டம், ரெண்டு தவணையா வாங்கலாம். அப்புறம் ஆபீஸ்ல குடுக்குற ரெக்கார்டு ஷீட் முழுக்க இங்கிலீஷ், எங்க சிஸ்டர் தன் கைக்காசுல ஒரு நோட்டு வாங்கி தமிழ்ல எழுதினதால தப்பிச்சோம். தமிழ்ல அச்சடிச்சு குடுக்க என்ன கஷ்டம்னு தெரியல, ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். இதுக்கு தான் அந்த ஒரு ஸ்டார்.

மே மாசம் முழுங்குறதை டெஸ்ட் பண்ணி பார்த்துட்டு மூக்கு ட்யூபை எடுத்துட்டாங்க. தண்ணி தான் பக்கவாதத்துல முழுங்க சிரமப்படுறவங்களுக்கு கஷ்டமான ஐட்டம்னு அப்ப தான் தெரியும், மடமடன்னு ஓடி தப்பு வழியில போயிடும், அதனால குழைவா பிசைஞ்ச இட்லி, கெட்டி பருப்பு சாதம்னு ஆரம்பிச்சு, நிமிர்ந்து உக்கார வெச்சு சின்ன ஸ்பூன்ல, ஒரு வாய் முழுங்கின அப்புறம் தான் அடுத்த வாய். ஜூன் கடைசியில பகல் டியூட்டிய நிறுத்திட்டோம், நிறுத்தலாம்னு சிஸ்டரே தான் சொன்னாங்க, இனிமே உங்களுக்கே தெரியும், அந்த காசை பிசியோதெரபிக்கு போடுங்கன்னு. சட்டை போடும்போது விழுந்த கைய முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது நல்ல கைய முதல்ல எடுக்கணும்னு முதல் வாரம் சொல்லிக்குடுத்தாங்க. இப்ப அப்பாவே வலது கையால இடது கைய புடிச்சு முதல்ல உள்ள விட்டுக்குறார், மெதுவா, பத்து நிமிஷம் ஆகும், நாங்க யாரும் கிட்ட போறதில்ல. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை மட்டும் சிஸ்டர் வந்து பாதம், முதுகு, சுகர் நோட்டு எல்லாம் பார்த்துட்டு போறாங்க, அந்த மாதிரி ரெண்டு மணி நேர விசிட்டுக்கு 600 ரூபாய் வாங்குறாங்க, நீங்க கேட்டா தான் சொல்லுவாங்க, கேளுங்க.